சரவணனின் நான்கு ‘ஏ’

கல்யாணப் பத்திரிகை வந்தால் வீட்டில் மற்றவர்கள் தேதியைப் பார்ப்பார்கள், முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று பார்ப்பார்கள், மண்டபம் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவார்கள். நான் பத்திரிகையைத் திருப்பி ஆங்கிலப் பக்கத்துக்குப் போய்விடுவேன். அங்கே மணமக்கள் பெயர்கள் தங்க மையில், வலப்பக்கம் சாய்ந்து, ஒரே இழுப்பில் எழுதி முடித்ததுபோல நிற்கும். அந்த இரண்டு வரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது என் பழக்கம். ‘மொய் எழுதுற இடத்துல இதைச் செய்யாம இருந்தா சரி’ என்பாள் மனைவி.

அக்கா மகன் சரவணனின் பத்திரிகை வேலை என் தலையில் விழுந்ததற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம். அச்சகத்தில் கணினிமுன் இருந்த பையன், ‘சார், பேருக்கு மட்டும் ஸ்டைல் எழுத்து போட்டுடலாமா?’ என்று கேட்டபடியே பட்டியலை உருட்டினான். எட்வர்டியன், விவால்டி, கோர்சிவா, மிஸ்ட்ரல் என்று ஒவ்வொன்றிலும் சரவணன் வந்து வந்து போனான். எல்லாமே அழகாகத்தான் இருந்தன. ஆனாலும் ஏதோ உறுத்தியது. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது புரிந்தது. ஆங்கிலத்தில் சரவணனுக்கு ஒன்பது எழுத்து. அதில் நான்கு ‘ஏ’. ஒரு மனிதன் கையால் எழுதினால் நான்கும் நான்கு விதமாக வரும். எழுத்துருவில் நான்கும் ஒரே வார்ப்பு. கை எழுதியது என்று நம்பவைக்க இவ்வளவு பாடுபட்ட வரி, இரண்டாவது ‘ஏ’ வந்ததுமே அகப்பட்டுக்கொள்கிறது.

நம் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது இந்தச் சிக்கல் கூடுதல். மங்கையர்க்கரசி என்று எழுதினால் ஐந்து ‘ஏ’. எலிசபெத்துக்கும் ஜோசப்புக்கும் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு சிக்கல் ‘வி’ எழுத்தில். நாலு கோடு நோட்டில் கர்சிவ் எழுதிப் பழகிய எல்லோருக்கும் இது கைக்குத் தெரியும், வாய்க்கு வராது. ‘ஏ’, ‘என்’, ‘ஐ’ போன்ற எழுத்துகள் முடியும்போது பேனா கீழ்க்கோட்டில் இருக்கும். அங்கிருந்து மேலேறி அடுத்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ‘ஓ’, ‘பி’, ‘வி’, ‘டபிள்யூ’ நான்கும் முடியும்போது பேனா மேலே நிற்கும். அங்கிருந்து ‘ஏ’க்குப் போக வேறு வழி, ‘என்’னுக்குப் போக வேறு வழி. கை எழுதும்போது யோசிக்காமல் வளைந்து கொடுக்கிறது. எழுத்துருவில் ‘வி’யின் வால் ஒன்றே ஒன்று. அது இருபத்தாறு எழுத்துகளில் எதன் கையையும் பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். கையெழுத்துப் பாணி எழுத்துருக்களில் நான் தேடித் தேடி ரசிப்பது இந்த இணைப்பைத்தான். பேரெழுத்தின் சுழியும் கொடியும் பந்தல் அலங்காரம் மாதிரி, தூரத்திலிருந்தே தெரியும். இணைப்பு, நல்ல தையல்காரரின் உள்தையல்.

என் மேக் கணினியில் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற எழுத்துரு இருக்கிறது. சரவணனை அதில் அடித்துப் பெரிதாக்கினேன். ‘என்’னின் தண்டைப் பாருங்கள். மயிரிழையாகத் தொடங்கி, இறங்க இறங்கத் தடித்து, அடிவளைவில் மறுபடி மெலிந்து, மெலிந்த அந்த இழையே மேலேறி அடுத்த எழுத்தாகிறது. கூர்முனை இறகுப்பேனா செய்யும் வேலை இது. கீழிழுக்கும்போது அழுத்தினால் முனை இரண்டாகப் பிளந்து மை பரவும். மேலே தள்ளும்போது அழுத்தினால் முனை தாளில் குத்திக்கொள்ளும். அதனால் இறக்கத்தில் தடிப்பு, ஏற்றத்தில் மெலிவு. தாளும் இறகும் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் இது. நம் ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டுக்கு இந்தத் தடிப்பும் மெலிவும் கிடையாது. அது போகும் வழியெல்லாம் ஒரே கனம். அதனால்தானோ என்னவோ, நம் கண்ணுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு வெளியூர் இனிப்புபோலத் தித்திக்கிறது.

இதற்குக் காப்பர்பிளேட் என்று பெயர் வந்த கதையும் சுவையானது. லண்டனின் எழுத்தாசிரியர்கள் தங்கள் கைத்திறனை விற்கப் புத்தகம் போட்டார்கள். கையெழுத்தை ஈய எழுத்தில் கோக்க முடியாது. எனவே செதுக்குபவரிடம் கொடுத்துச் செப்புத் தகட்டில் சிற்றுளியால், கண்ணாடிப் பிம்பமாக, வெட்டச் சொன்னார்கள். ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குநர் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘யுனிவர்சல் பென்மேன்’ இதன் உச்சம்: 25 எழுத்தாசிரியர்களின் கை, 212 தகடுகள். உளிக்கு நடுக்கம் கிடையாது, மை தீர்வதும் கிடையாது. பேனா நினைத்ததை உளி பேனாவைவிடச் சுத்தமாகச் செய்தது. அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், எந்தப் பேனாவும் எழுதாத ஒரு பூரணத்தைத் துரத்திக்கொண்டு விரல் ஒடிய எழுதியிருப்பார்கள். கைப்பாணி எழுத்துருவின் பொய் கணினியில் பிறந்ததல்ல. அந்தச் செம்பிலேயே பிறந்துவிட்டது.

எழுத்துருவுக்குப் பெயர் கொடுத்த சார்லஸ் ஸ்னெல் அந்த லண்டன் எழுத்தாசிரியர்களில் முந்தைய தலைமுறைக்காரர். அவர் கணக்காளரும்கூட. 1720இல் சவுத் ஸீ கம்பெனியின் பங்குகள் சரிந்து லண்டனே தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, அதன் இயக்குநர் ஒருவரோடு தொடர்புள்ள வணிக நிறுவனத்தின் பேரேடுகளைப் புரட்டிப் பார்த்து அறிக்கை எழுதியவர் இவர்தான். ரவுண்ட்ஹேண்ட் கல்யாணத்துக்குப் பிறந்த எழுத்தல்ல; கணக்குப் புத்தகத்துக்கும் வணிகக் கடிதத்துக்கும் பிறந்தது. வேகமாக எழுத வேண்டும், தெளிவாகவும் இருக்க வேண்டும். எழுத்தின் அளவுகளுக்குத் திட்டவட்டமான விதி இருக்க வேண்டும் என்று வாதாடியவர் ஸ்னெல். அந்தக் கண்டிப்பு இன்றும் எழுத்துருவில் தெரிகிறது. எல்லாத் தண்டும் ஒரே சாய்வு. எல்லா வாலும் ஒரே உயரத்தில் அடுத்த தண்டைத் தொடுகிறது. குறும்பு எதுவும் இல்லை. சலவை செய்து மடித்த வேட்டி மாதிரி.

இதை எழுத்துருவாக்கிய மாத்யூ கார்ட்டர் லண்டனில் பிறந்தவர். இளம் வயதில் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் என்ஸ்கெடே அச்சகத்தில், எஃகில் எழுத்து வெட்டும் பழைய தொழிலைக் கையால் பழகியவர். 1965இல் அமெரிக்காவின் லைனோடைப் நிறுவனத்துக்குப் போனார். ஈயம் விடைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. எழுத்தை ஒளியால் படமெடுத்துக் கோக்கும் இயந்திரங்கள் வந்துகொண்டிருந்தன. ஈயத்தோடு பழகிய கைக்குத்தான் ஈயம் போனதன் அருமை தெரியும். ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு செவ்வகக் கட்டையின் தலையில் உட்கார்ந்திருக்கும். சாய்ந்த எழுத்தின் தலையும் வாலும் அந்தக் கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கம்போசிட்டர் கை கொஞ்சம் தவறினால் நீட்டிய முனை ஒடியும். சாய்வான கட்டை வார்த்துப் பார்த்தார்கள். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் துண்டுகளாக வார்த்துப் பார்த்தார்கள். ஒளிக்கு இந்த வம்பே இல்லை. ஒரு எழுத்தின்மேல் இன்னொரு எழுத்து சாவகாசமாகப் படுத்துக்கொள்ளலாம். கார்ட்டரின் ஸ்னெல், 1966இல், அந்தச் சுதந்திரத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. ‘ஏ’யின் வால் ‘என்’னின் தண்டுமேல் போய்ப் படியும் இடத்தைத் திரையில் நானூறு மடங்கு பெருக்கிப் பார்த்தேன். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. ‘வி’யை மட்டும் தள்ளி நின்று பார்த்தால் ஒரு கணம் தயங்குவது தெரிகிறது. மேடை ஏறிப் பாட வேண்டியவர் தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல அவ்வளவுதான்.

கார்ட்டர் 1972இல் ஷெல்லி என்று இன்னொன்று செய்தார். அடக்கமானது, கொஞ்சம் துள்ளுவது, பறப்பது என்று மூன்று நிலை. அவற்றுக்கு ஆண்டான்டே, அல்லெக்ரோ, வொலான்டே என்று மேற்கத்திய இசையிலிருந்து பெயர். இதே பேச்சை நம் ஊரில் பேசியிருந்தால் விளம்பம், மத்திமம், துரிதம் என்றிருப்போம். ஒரே ராகத்தை மூன்று காலத்தில் பாடிக் காட்டுவதுதான் அதுவும்.

அச்சகப் பையன் காட்டிய பட்டியலில் மிஸ்ட்ரல் இருந்ததைச் சொன்னேன் அல்லவா? அது முற்றிலும் வேறு சாதி. பிரான்சின் மார்செய் நகரில், தன் மைத்துனரின் ஃபோன்டெரி ஓலிவ் வார்ப்பகத்துக்காக ரோஜே எக்ஸ்கோஃபோன் செய்து 1953இல் வெளிவந்தது. தெற்குப் பிரான்சில் ரோன் பள்ளத்தாக்கு வழியே அடிக்கும் காற்றின் பெயர் அது. எக்ஸ்கோஃபோன் பழைய ஆசான் எவரையும் தேடிப்போகவில்லை. தன் சொந்தக் கையெழுத்தையே எடுத்துக்கொண்டார். எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்பதில்லை. ஒன்று எக்குகிறது, ஒன்று குனிகிறது. ஓரங்கள் சொரசொரப்பானவை, அவசரமாக ஓடிய பேனாவின் மை காய்ந்ததுபோல. இத்தனை அலட்சியத்துக்கு நடுவிலும் வரி எங்குமே அறுவதில்லை. அதுவும் ஈயத்தில்! கார்ட்டருக்குக் கிடைத்த ஒளியின் சலுகை எதுவும் இல்லாமல், கட்டையின் விளிம்பிலேயே வாலை வெட்டி நிறுத்தி, அடுத்த கட்டையின் விளிம்பில் அதே உயரத்தில் தலையைத் தொடங்கி. ஸ்னெல் தன் ஒழுங்கைக் காட்டி மயக்குகிறது. மிஸ்ட்ரல் ஒழுங்கை மறைத்து மயக்குகிறது. இரண்டில் எது கடினம் என்று கேட்டால் நான் மிஸ்ட்ரல் பக்கம். கலைந்த தலையைக் கலைந்தபடியே வைத்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தலை வாருகிறவர்களைக் கேளுங்கள். 2011இல் வந்த ‘டிரைவ்’ படத்தின் தலைப்பை இரவு நகரத்தின்மேல் இளஞ்சிவப்பில் இந்த எழுத்தில்தான் போட்டார்கள். ஆனாலும் மிஸ்ட்ரலைக் கல்யாணத்துக்குப் போட முடியாது. முகூர்த்தத்துக்கு ஜீன்ஸ் போட்டு வந்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. இதைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவும் பேசினேன். ஸாப்ஃபினோ.

ஹெர்மான் ஸாப்ஃப் 1918இல் நியூரம்பெர்க்கில் பிறந்த ஜெர்மானியர். பாலட்டினோ, ஆப்டிமா எழுத்துருக்களைச் செய்தவர். போர்க்காலத்தில் அவரைப் படையில் நிலப்படம் வரையும் பிரிவில் போட்டார்கள். பூதக்கண்ணாடி இல்லாமல் ஒரு மில்லிமீட்டர் உயர எழுத்தை எழுதுகிற கண்ணும் கையும் அவருக்கு. 1944இல், பிரான்சில் இருந்தபோது, தன் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் ஓர் எழுத்து வரிசையை எழுதிப் பார்த்தார். அந்தப் பக்கம் அவரை விடவில்லை. போர் முடிந்து 1948இல் ஸ்டெம்பல் வார்ப்பகத்துக்கு அதை எழுத்தாக்க முயன்றார். விர்ச்சுவோஸா என்று ஒன்று வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தின் நீண்ட வீச்சுகளை ஈயக் கட்டை தாங்கவில்லை. கத்தரித்துத்தான் போட முடிந்தது. 1993இல் டேவிட் ஸீகல் என்ற அமெரிக்க இளைஞர், ஒவ்வொரு எழுத்துக்கும் பல வடிவம் வைத்து, கை எழுதுவதுபோலவே மாறி மாறி வரும் எழுத்துரு ஒன்று செய்யலாமா என்று கேட்டு எழுதினார். ஸாப்ஃபுக்குக் குறிப்பேட்டுப் பக்கம் நினைவுக்கு வந்தது. ஸீகல் பாதியில் விலகிப் போனார், ஸாப்ஃப் விடவில்லை. லைனோடைப்பிடம் கொண்டுபோய் 1998இல் முடித்தார். குறிப்பேட்டிலிருந்து கணக்கிட்டால் 54 வருடம்.

இந்த எழுத்தை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் ‘வளைஞ்சு வளைஞ்சு இருக்கு’ என்று ஸ்னெல்லோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டுக்கும் பேனாவே வேறு. ஸாப்ஃபினோ பட்டை நிப்பு எழுதியது. அதில் தடிப்பு அழுத்தத்தால் வருவதில்லை; நிப்பு திரும்பி நிற்கும் கோணத்தால் வருகிறது. அகலப் பக்கமாக இழுத்தால் பட்டை, விளிம்புப் பக்கமாக நகர்ந்தால் நூல். கத்தியைத் திருப்புவது மாதிரி. அதனால் ஸ்னெல்லின் கோட்டில் மூச்சு வாங்குவது தெரியும். ஸாப்ஃபினோவின் கோட்டில் மணிக்கட்டு தெரியும்.

இன்னொரு வேறுபாடு என்னைக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்தது. ஸாப்ஃபினோவின் எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை! இத்தாலியச் சான்சரி மரபின் கை அது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி. ஆனால் ஒரு எழுத்தின் வால் போகும் திசையிலேயே அடுத்த எழுத்தின் தலை தொடங்குவதால், நடுவில் உள்ள வெற்றிடத்தைக் கண்ணே எழுதிக்கொள்கிறது. தமிழ் எழுத்துகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனாலும் நன்றாக எழுதுகிறவர் கையில் ஒரு வரி ஓடத்தான் செய்கிறது. அந்த ஓட்டம் எங்கே இருக்கிறது என்பதற்கு எனக்கு ஒரு ஜெர்மானியர் பதில் சொன்னார்.

நாலு கோடு நோட்டில் ஸாப்ஃபினோவை எழுத முயன்றால் நோட்டு போதாது. ‘ஏ’, ‘ஈ’, ‘என்’ இருக்கும் நடுக்கோட்டுப் பகுதி மிகச் சிறியது. ‘டி’, ‘ஹெச்’, ‘எல்’ மேலே பல மடங்கு உயரத்துக்குப் போகின்றன. ‘ஜி’, ‘ஒய்’ கீழே அதே துணிச்சலோடு இறங்குகின்றன. ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். அதனாலேயே இது பத்தி எழுத்தல்ல. ஒரு வரி, இரண்டு வரி, சுற்றிலும் தாராளமான வெள்ளை. மேக் கணினியில் இதை வெறும் 12 பாயிண்டில் அடித்தாலே திரையில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜமீன்தார் பெஞ்சில் உட்கார்வது மாதிரி.

ஒரு விளையாட்டைச் சொல்ல வேண்டும். மேக்கில் இந்த எழுத்துருவை வைத்து அதன் பெயரையே, இசட்டில் தொடங்கி, ஒவ்வொரு எழுத்தாக அடியுங்கள். ஆறு எழுத்து வரை தனித்தனியாக வந்துகொண்டிருக்கும். கடைசி ‘ஓ’வை அடித்ததும் முழுச் சொல்லும் ஒரே குலுக்கில் மாறி, ஒற்றைச் சித்திரமாகி உட்கார்ந்துகொள்ளும். ஏழு எழுத்துக்கும் சேர்த்து ஒரே வடிவம் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது. ஒரு கலைஞர் தன் கையெழுத்தைப் படத்தின் மூலையில் போடுவதுண்டு. ஸாப்ஃப் தன் பெயர் ஒட்டிய கையெழுத்தை எழுத்துருவுக்குள் போட்டு, நாம் கடைசி எழுத்தை அடிக்கும்வரை கதவைச் சாத்தி வைத்திருக்கிறார். முதல் தடவை பார்த்தபோது அழித்து அழித்துப் பத்து முறை அடித்தேன்.

இந்த மாய வேலை தமிழனுக்குப் புதிதே அல்ல என்று பிறகு தோன்றியது. ‘க’ அடித்து ஒகரக் குறி அடித்தால், கணினி கொம்பைத் தூக்கிக் ‘க’வுக்கு முன்னால் வைத்துக் காலைப் பின்னால் போட்டுக் ‘கொ’ ஆக்குகிறது. ‘ம’வோடு உகரம் சேர்ந்தால் ‘மு’, ‘ட’வோடு சேர்ந்தால் ‘டு’, ‘ந’வோடு சேர்ந்தால் ‘நு’. ஒரே குறிக்கு ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு உருவம். பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்து வடிவம் மாறுவதுதான் ஸாப்ஃபினோவின் தந்திரமும். அங்கே அது ஆடம்பரம், நமக்கு அன்றாடச் சோறு. 1978க்கு முந்தைய புத்தகங்களில் ‘லை’, ‘ணை’, ‘னை’ எழுத்துகளுக்கு முன்னால் தும்பிக்கைபோல ஒரு வளைவு ஒட்டிக்கொண்டு வரும். சீர்திருத்தத்தில் அது போயிற்று. அம்மா கடைசிவரை அந்தத் தும்பிக்கையோடுதான் கடிதம் எழுதினாள். ‘தலை’ என்று அவள் எழுதினால் தலை ஆட்டுவதுபோலவே இருக்கும்.

இத்தகைய எழுத்தைத் தெருவில் பார்க்கும்போது வரும் வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துணிக்கடை பேனரில் பெயர் முழுவதையும் இந்தப் பாணியின் பேரெழுத்திலேயே போட்டிருந்தார்கள். பேரெழுத்து என்பது சொல்லின் வாசலில் ஒருவர் நின்று கும்பிடுவதற்கு. எட்டுப் பேரும் வாசலில் நின்று கும்பிட்டால் உள்ளே போவது எப்படி? படிக்கவே முடியவில்லை, கடை என்ன கடை என்று பக்கத்திலிருந்த பொம்மையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இதைவிடக் கொடுமை, இடத்தை நிரப்ப எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை இழுத்து விடுவது. ஸ்னெல்லின் வால் ஒவ்வொன்றும் அந்தரத்தில் கையை நீட்டிக்கொண்டு, பிடிக்க ஆளில்லாமல் நிற்கும். கார்ட்டர் நுணுகி நுணுகிச் சேர்த்ததை ஒரு சொடுக்கில் அறுத்துவிடலாம்.

சரவணனுக்கு வருவோம். ஸ்னெல்லா ஸாப்ஃபினோவா என்று இரண்டு நாள் ஓடியது. ஸ்னெல்லில் ‘வி’ தயங்கினாலும் இணைப்பு சுத்தம். ஆனால் நான்கு ‘ஏ’யும் நான்கு இரட்டைப் பிள்ளைகள். ஸாப்ஃபினோவில் நான்கு எழுத்து வரிசைகளாக மாற்று வடிவங்கள் இருக்கின்றன. வேண்டியதை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். முதல் நாள் இரவு நான்கு ‘ஏ’க்கும் நான்கு வடிவம் போட்டேன். காலையில் பார்த்தால் கல்யாண வீட்டில் நான்கு சித்தப்பாக்கள் ஒரே நேரத்தில் பேசுவதுபோல இருந்தது. ஒவ்வொன்றாகப் பழைய வடிவத்துக்குத் திருப்பினேன். முதல் மூன்றும் எளிய ‘ஏ’. நான்காவதை மட்டும் கொஞ்சம் வேறாக விட்டு, கடைசி ‘என்’னுக்கு வலப்பக்கம் நீளும் வாலைக் கொடுத்தேன். மணப்பெண்ணின் பெயரில் வால் எதுவும் வைக்கவில்லை. இரண்டு பேரும் கையை வீசினால் அட்டையில் இடம் போதாது.

அச்சகத்துக்குக் கோப்பை எடுத்துப் போனேன். பையன் திரையில் திறந்து சற்று நேரம் பார்த்தான். ‘நீங்களே எழுதினதா சார்?’ என்றான்.